மணலில் எழுதிய பட்டயம்

நிலம் யாருடையது?

கேள்வி எளிது. ஆனால் உலக வரலாற்றில் ஓடிய குருதியிலே பெரும்பகுதி, இந்தக் கேள்விக்கு ஆதிக்கக்காரர் அளித்த விடையால் ஓடியதே! பட்டயம் காட்டுபவன் உரிமையாளன். காட்ட இயலாதவன் வழிப்போக்கன். இது வென்றவன் வகுத்த விதி. பட்டயம் தாளிலே இருக்கவேண்டும். தாளிலே முத்திரை இருக்கவேண்டும். அந்த முத்திரையும் அவனுடையதாகவே இருக்கவேண்டும்! வழக்காடுபவனும் அவனே, தீர்ப்பளிப்பவனும் அவனே என்றால், தோற்பவன் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1788-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கைதிகளையும் காவலரையும் சுமந்துகொண்டு பிரிட்டனின் கப்பல்கள் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை அடைந்தன. அந்த மண்ணிலே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர். நேற்று வந்தவரல்லர், 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தவர் என்று அகழாய்வு அறிவிக்கிறது. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட மொழிகள் அங்கே வழங்கின. வந்தவர்கள் சுற்றுமுற்றும் பார்த்தனர். வேலி இல்லை, கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை, ஏடு இல்லை. எனவே, நிலத்துக்கு உரிமையாளரும் இல்லை என்று முடிவுகட்டினர்! எவருக்கும் உரியதல்லாத நிலம் என்ற அந்தப் பொய்ம்மைக்கு, 'டெர்ரா நல்லியஸ்' என்று இலத்தீன் மொழியிலே பெயரும் உண்டு. பொய்க்கும் புரியாத மொழியிலே பெயர் சூட்டினால் பெருமை வந்துவிடுகிறதன்றோ!

அந்தப் பொய்யை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தூக்கி எறிந்தது 1992-ஆம் ஆண்டு சூன் 3-ஆம் நாள். டாரஸ் நீரிணைத் தீவினரான எடி மாபோவும் அவர் தோழர்களும் தொடுத்த வழக்கின் தீர்ப்பு அது. இருநூற்று நான்கு ஆண்டுகள் ஆயின, இருந்தவர்கள் இருந்தார்கள் என்று ஒப்புக்கொள்ள!

பட்டயம் இல்லை என்றார்களே, உண்மையிலேயே இல்லையா? இருந்தது. மணலிலே இருந்தது, பாறையிலே இருந்தது, பாட்டிலே இருந்தது, பெண்களின் மார்பிலும் தோளிலும் செங்காவியாலும் வெண்களிமண்ணாலும் தீட்டப்பட்ட கோடுகளிலே இருந்தது. அதைப் படிக்கத் தெரியாதவர்கள், எழுத்தே இல்லை என்றனர். அந்த எழுத்தைக் கித்தானிலே ஏற்றி, உலகமே படிக்கும்படி விரித்துவைத்தவர்களில் முன்னணியில் நிற்பவர்கள் அந்நாட்டுத் தொல்குடிப் பெண்கள். அவர்களின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளவேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி செம்மணல் பாலை. அங்கே வாழும் வார்ல்பிரி மக்கள் 'ஜுகுர்பா' என்று ஒரு சொல் வழங்குகின்றனர். ஆங்கிலேயர் அதைக் 'கனவு' என்று மொழிபெயர்த்தனர். பொருள் பாதி போயிற்று! ஜுகுர்பா என்பது உறக்கத்தில் வரும் கனவைக் குறிப்பதன்று. மூதாதையர் நிலத்தின்மீது நடந்து, குன்றும் சுனையும் மரமும் மிருகமும் உருவாக்கி, எவர் எவரை மணக்கலாம், எவர் எந்த நிலத்தைக் காக்கவேண்டும் என்று முறை வகுத்த காலத்தை அது குறிக்கும். அந்தக் காலத்தின் கதையையும் குறிக்கும். இன்றும் செல்லுபடியாகும் சட்டத்தையும் குறிக்கும். கதை, நிலப்படம், சட்டநூல் ஆகிய மூன்றுக்கும் அவர்களிடம் ஒரே சொல்.

இந்தக் கதைகளைப் பெண்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் முறை தனிச்சுவை உடையது. தரையிலே அமர்வர், கையால் மணலைச் சமன்செய்வர், விரலால் வரைந்துகொண்டே சொல்வர். ஒரு காட்சி முடிந்ததும் மணலைத் தடவி அழித்துவிட்டு அடுத்த காட்சியைத் தொடங்குவர். 1950-களின் பிற்பகுதியில் யூண்டுமு என்ற ஊரிலே தங்கி இந்த மணற்கதைகளை ஆராய்ந்த நான்சி மன் என்ற அம்மையார், 1973-இல் வெளியிட்ட நூலில் அவற்றின் குறியீடுகளை முறைப்படுத்திக் காட்டினார். குதிரைலாடம் போன்ற வளைவு, அமர்ந்திருக்கும் மனிதன். மணலில் உட்கார்ந்து எழுந்தவர் விட்டுச்செல்லும் தடமே அது. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் இருந்தால் நீர்ச்சுனை, அல்லது மக்கள் தங்குமிடம். வட்டத்தை வட்டத்தோடு இணைக்கும் கோடு, நடந்த வழி. வளைவின் பக்கத்திலே நேர்கோடு ஒன்றும் நீள்வட்டம் ஒன்றும் இருந்தால், அவள் பெண். கோடு கிழங்கு அகழும் கோல், நீள்வட்டம் உணவும் குழந்தையும் ஏந்தும் மரத்தட்டு. ஆணுக்கு அடையாளம் ஈட்டி. பெண்ணுக்கு அடையாளம் உணவு தேடும் கருவி! அந்தப் பாலையிலே அன்றாட உணவின் பெரும்பகுதியைத் தேடித் தந்தவள் பெண்ணே என்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியிருக்கின்றனர்.

எவரும் எந்தக் கதையையும் தீட்டிவிட முடியாது. தந்தைவழியிலே ஒரு நிலத்துக்கும் அதன் கதைக்கும் உரியவர்களைக் 'கிர்டா' என்பர். தாய்வழியிலே அதே நிலத்தோடு தொடர்புடையவர்களைக் 'குர்டுங்குர்லு' என்பர். முன்னவர் உரிமையாளர், பின்னவர் மேற்பார்வையாளர். உரிமையாளர் சடங்கு நடத்தினாலும் ஓவியம் தீட்டினாலும், முறை தவறாமல் நடக்கிறதா என்று கவனித்துத் திருத்துவது மேற்பார்வையாளரின் கடமை. ஒருவர் ஒரு நிலத்திலே உரிமையாளர். தம் தாயின் நிலத்திலே மேற்பார்வையாளர். தனியொருவர் தனிப்பெரும் அதிகாரம் கொள்ள முடியாதபடி அமைந்த ஏற்பாடு! ஏடு அறியாதவர் என்று ஏளனம் செய்யப்பட்ட மக்கள், அதிகாரத்துக்குக் கடிவாளம் இடும் கலையை அறிந்திருந்தனர்.

ஆனால் இந்த ஏற்பாட்டிலே பெண்ணுக்கு இடம் உண்டா? இல்லை என்றே நெடுநாள் எழுதிவந்தனர் ஆய்வாளர்கள். 1937-இல் வெளிவந்த தம் நூலில் லாயிட் வார்னர், வடபகுதி மக்களைப்பற்றி எழுதும்போது, புனிதம் ஆணுக்குரியது, பெண் அதற்குப் புறம்பானவள் என்று கோடு கிழித்தார். அவர் யாரைக் கேட்டார்? ஆண்களைக் கேட்டார். பெண்களின் சடங்கு பெண்களுக்கே உரியது. அங்கே ஆணுக்கு, அதிலும் அயலானுக்கு, நுழைவில்லை. தமக்குக் காட்டப்படாததை, இல்லாதது என்று எழுதிவைத்தார்! பூட்டிய அறையைப் பார்த்துவிட்டு உள்ளே பொருளே இல்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பூட்டைத் திறந்து காட்டியவர் ஒரு பெண். ஃபிலிஸ் கேபரி என்ற அந்த ஆய்வாளர், 1930-களின் நடுவே மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியிலே பெண்களோடு நடந்து, பெண்களோடு கிழங்கு அகழ்ந்து, பெண்களின் சடங்குகளைக் கண்டு, 1939-இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்ணுக்கும் தனிச் சடங்கு உண்டு, தனிப் பாட்டு உண்டு, நிலத்தோடு தனிப் பிணைப்பு உண்டு என்று அந்நூல் நிறுவிற்று. 1970-களில் தம் இரு குழந்தைகளோடு பாலைக் குடியிருப்பிலே தங்கி ஆராய்ந்த டயேன் பெல், 1983-இல் வெளியிட்ட நூலில் அதை மேலும் விரித்தார்.

இதிலே ஒரு வேடிக்கை! வடபகுதியான ஆர்னம் நிலத்திலே ஜாங்கவு சகோதரிகள் என்ற மூதாதையரின் கதை உண்டு. புனிதப் பொருள்களும் பாட்டுகளும் முதலிலே அந்தச் சகோதரிகளிடமே இருந்தன. அவர்கள் உணவு தேடச் சென்றிருந்தபோது, ஆண்கள் அவற்றைக் கவர்ந்துகொண்டனர் என்று அக்கதை சொல்கிறது. பெண்ணுக்குப் புனிதம் இல்லை என்று எழுதினர் அயலார். அவளிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்று ஒப்புக்கொள்கிறது அம்மக்களின் கதை! கதையை முழுவதும் கேட்டிருந்தால் ஆய்வாளர்க்கு அந்தப் பிழை நேர்ந்திருக்குமா?

கதை இருந்தது, உரிமை இருந்தது. எனினும் துப்பாக்கி எதிரே நின்றது. 1928-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில், நடுப்பாலையின் கோனிஸ்டன் மாட்டுப்பண்ணை அருகே பிரெட் புரூக்ஸ் என்ற வெள்ளையர் கொல்லப்பட்டார். ஒரு தொல்குடியாளரின் மனைவியை முறைதவறி வைத்துக்கொண்டதால் விளைந்த கொலை என்பது அம்மக்களின் கூற்று. பழிவாங்கப் புறப்பட்டது ஜார்ஜ் மரே என்ற காவலரின் குதிரைப்படை. வாரக்கணக்கிலே வேட்டை நடந்தது. வார்ல்பிரி, அன்மாட்யர், கைடிஜ் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அரசு அமைத்த விசாரணைக் குழு, இறந்தவர் 31 பேர் என்று கணக்கெழுதி, சுட்டது முறையே என்று தீர்ப்பும் எழுதிற்று. உண்மைத் தொகை 60-க்கும் மேல் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. வட ஆட்சிப்பகுதியின் காவல்துறைத் தலைவர் அந்த மக்கள்முன் வருத்தம் தெரிவித்தது 2018-இல். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு!

துப்பாக்கிக்குத் தப்பியவர்களைப் பங்கீட்டு மாவு பிடித்துக்கொண்டது. 1946-இல் அமைக்கப்பட்ட யூண்டுமு போன்ற குடியிருப்புகளிலே, மாவும் சர்க்கரையும் தேயிலையும் கொடுத்து மக்களை ஓரிடத்திலே குவித்தனர். மூதாதையர் நடந்த சுனைகள் எங்கோ தொலைவில், மக்கள் இங்கே. குழந்தைகளின் நிலை இன்னும் கொடிது. 1910-க்கும் 1970-க்கும் இடையே, தொல்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை குடும்பத்திலிருந்து பிரித்துக்கொண்டு போகப்பட்டனர் என்று 1997-இல் வெளிவந்த அரசுசார் விசாரணை அறிக்கை கணக்கிட்டது. தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்தால் என்ன ஆகும்? மணலிலே வரைந்து கதை சொல்ல விரல் இருக்கும். கேட்கச் செவி இராது. பட்டயத்தைக் கொளுத்துவதற்கு இதைவிடத் திறமையான வழி வேறு உண்டோ?

இந்த இருளிலேதான் ஓவியம் பிறந்தது. 1971-இல் பப்புன்யா என்னும் குடியிருப்பிலே, பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் ஊக்கமூட்ட, முதியவர்கள் பள்ளிச் சுவரிலே தேனெறும்பின் கதையைத் தீட்டினர். பின்னர்ப் பலகையிலும் கித்தானிலும் தீட்டினர். 1972-இல் 'பப்புன்யா துலா' என்ற ஓவியர் கூட்டுநிறுவனம் அமைந்தது, பங்குதாரர் ஓவியர்களே. நன்று! ஆனால் அந்த ஓவியர் அனைவரும் ஆண்கள். மனைவியும் மகளும் என்ன செய்தனர்? பின்னணிப் புள்ளிகளை நிரப்பிக் கொடுத்தனர். ஆயிரமாயிரம் புள்ளிகள் வைத்தவள் பெயர் ஓவியத்தில் இராது; வணிகருக்கு வேண்டியது ஒரு பெயர்; அது ஆண் பெயர்! 1980-களின் தொடக்கத்திலேதான் பெண்கள் சிலர் தம் பெயரிலே தீட்டத் தொடங்கினர். அந்நிறுவனத்திலே பெண்கள் பெருந்தொகையினராய் இடம்பெற்றது 1990-களிலே.

ஆண்கள் கதவு திறப்பார்கள் என்று எல்லாப் பெண்களும் காத்திருக்கவில்லை. யூட்டோபியா என்ற பகுதி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடகிழக்கே உள்ளது; அன்மாட்யர், அலியவார் மக்கள் வாழுமிடம். 1977-இல் அங்கே பெண்களுக்கென நடந்த வகுப்பிலே, துணியிலே உருகிய மெழுகால் வரைந்து சாயமேற்றும் பாத்திக் கலை கற்றுத்தரப்பட்டது. சாவகத் தீவிலிருந்து வந்த கலை. ஆனால் இப்பெண்கள் வரைந்தவை தம் நிலத்தின் கிழங்கும் பல்லியும் ஈமுவும்! 1978-இல் யூட்டோபியாப் பெண்கள் பாத்திக் குழு உருவாயிற்று. பத்தாண்டு கழித்து, 88 பேர் ஆளுக்கொரு பட்டுத்துணியாக 88 துணிகளிலே தம் நிலத்தின் கதையைத் தீட்டிக் காட்டினர்.

இடையிலே ஒரு வழக்கு வந்தது. 1976-ஆம் ஆண்டின் தொல்குடி நில உரிமைச் சட்டத்தின்படி, யூட்டோபியா மாட்டுப்பண்ணை நிலம் எங்களுடையது என்று மக்கள் கோரினர். எங்கே சான்று என்றது சட்டம். பெண்கள் மார்பிலும் தோளிலும் தத்தம் நிலத்துக்குரிய கோலத்தைத் தீட்டிக்கொண்டு, 'அவெல்யே' என்ற சடங்கை நில ஆணையர் காண ஆடினர், பாடினர். இந்தப் பாட்டு எந்தச் சுனையைச் சொல்கிறது, இந்தக் கோடு எந்த வழியைக் காட்டுகிறது, இதைப் பாட உரிமை பெற்றவர் யார் என்பதே சான்றாயிற்று. ஆணையரான நீதிபதி டூகியின் அறிக்கை 1980-இல் வெளிவந்தது. நிலம் மக்களிடம் சேர்ந்தது. பாட்டும் கோலமும் நீதிமன்றத்தில் ஆவணமாகி வென்றன!

அதே 1980-இல், தெற்கேயும் ஒரு நிகழ்ச்சி. பிட்ஜன்ட்ஜட்ஜாரா மக்களின் நில உரிமைபற்றித் தென் ஆஸ்திரேலிய அரசு பேச்சு நடத்தியது. யாரோடு? ஆண்களோடு! நிலம் எங்களுக்கும் உரியதே, எங்களைக் கேட்டீரா என்று சீறி எழுந்த பெண்கள், தமக்கெனப் பெண்கள் மன்றம் ஒன்றை நிறுவினர். அந்த மன்றம் இன்றும் பணியாற்றுகிறது.

யூண்டுமுவிலே நடந்ததோ, சுவையும் பொருளும் நிறைந்தது. 1980-களின் முற்பகுதியில் அவ்வூர்ப் பெண்கள் சிறு பலகைகளிலே தம் கதைகளைத் தீட்டி விற்றுப் பணம் சேர்த்தனர். எதற்கு? நகை வாங்கவா? அல்ல, டொயோட்டா வண்டி வாங்க! சுனைகள் தொலைவில் இருந்தன, வண்டி இருந்தால் அங்கே போகலாம், கிழங்கு அகழலாம், சடங்கு நடத்தலாம், குழந்தைகளுக்கு இடத்தைக் காட்டிக் கதை சொல்லலாம். ஓவியம் வண்டியாயிற்று, வண்டி அவர்களை நிலத்திடம் கொண்டுசேர்த்தது, நிலம் மீண்டும் கதையாயிற்று. கலை கலைக்காகவா, வாழ்வுக்காகவா என்று பட்டிமன்றம் நடத்துவோர் இந்த வண்டியிலே ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்! 1985-இல் அங்கே 'வார்லுகுர்லாங்கு' ஓவியர் நிறுவனம் அமைந்தது.

யூட்டோபியாப் பாத்திக் குழுவிலே ஒரு மூதாட்டி இருந்தார். எமிலி காமே இங்வாரே என்பது பெயர். 1910-ஐ ஒட்டிப் பிறந்தவர். மாட்டுப்பண்ணைகளிலே உழைத்தவர், தம் குடியின் பெண்கள் சடங்குகளுக்குத் தலைமை தாங்கியவர். 'காமே' என்பது ஒருவகைக் கொடிக்கிழங்கின் பூவையும் விதையையும் குறிக்கும் சொல். அந்தக் கிழங்கின் கதையே அவருக்குரிய கதை. 1988–89-இல் நடந்த ஒரு முயற்சியின்போது முதன்முதலாகக் கித்தானும் அக்ரிலிக் வண்ணமும் அவர் கைக்கு வந்தன. அப்போது வயது எழுபதுக்கும் மேல். இனி ஓய்வு என்று உலகம் சொல்லும் வயதிலே அவர் தொடங்கினார்! 1996 செப்டம்பரில் மறையும்வரை, ஏறத்தாழ எட்டே ஆண்டுகளில், சுமார் 3,000 ஓவியங்கள் தீட்டினார். தரையிலே கித்தானை விரித்து, அதன் நடுவிலும் ஓரத்திலும் அமர்ந்து, மணலிலே வரைவதுபோலவே வரைந்தார்.

1995-இல் தீட்டிய கிழங்கு ஓவியம் மெல்போர்ன் நகரின் கலைக்கூடத்திலே இருக்கிறது. எட்டு மீட்டர் நீளம். மூன்று மீட்டர் உயரம். கரிய கித்தான் முழுவதும் வெண்கோடுகள் பின்னிப் பிணைந்து ஓடுகின்றன. மேனாட்டுத் திறனாய்வாளர் அதைப் பார்த்து, எங்கள் நாட்டுப் புதுமை ஓவியர் போலவே வரைகிறாரே என்று வியந்தனர். அவர்களின் ஓவியங்களைப் பார்த்துப் பழகியவர் அல்லர் அவர். மண் வறண்டு வெடிக்கும்போது அந்த வெடிப்பைக்கொண்டே கீழே கிழங்கு இருக்குமிடம் அறிவர் பாலைப் பெண்கள்; அந்த வேரோட்டத்தைத் தீட்டினார். எதை வரைந்தீர் என்று கேட்டால், கிழங்கு, பல்லி, புல்விதை, ஈமு என்று அடுக்கி, எல்லாவற்றையுமே வரைந்தேன் என்பார். 1997-இல், அவர் மறைந்த மறு ஆண்டு, வெனிஸ் நகரின் உலகக் கலைவிழாவிலே ஆஸ்திரேலியாவின் சார்பிலே மூவர் ஓவியங்களும் கைவினையும் வைக்கப்பட்டன. மூவரும் தொல்குடிப் பெண்கள், ஒருவர் எமிலி. 2025-இல் இலண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடம் அவர் ஓவியங்களுக்கெனப் பெருங்காட்சி நடத்தியது. எந்த இலண்டனிலிருந்து அவர் நிலத்துக்கு உரிமையாளர் இல்லை என்ற கொள்கை புறப்பட்டதோ, அதே இலண்டனில்!

இங்கே பகுத்தறிவு பேசும் இளைஞர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: “மூதாதையர் மலையானார், பெண்கள் விண்மீனானார் என்னும் கதைகளை நாமும் போற்றவேண்டுமா?” கேட்கவேண்டிய கேள்வியே! ஒரு கதையை எடுத்துக்கொண்டே விடை காண்போம்.

பாலை முழுவதும் வழங்குவது ஏழு சகோதரிகளின் கதை. பிட்ஜன்ட்ஜட்ஜாரா மொழியிலே 'குங்கரங்கல்பா' என்பர். நியிரு என்பவன், மணமுறைக்குப் பொருந்தாதவன், அவர்கள்மீது வேட்கை கொண்டு துரத்துகிறான். சகோதரிகள் ஓடுகின்றனர், அவன் பாம்பாகவும் மரமாகவும் உருமாறி ஏமாற்றுகிறான், மூத்தவள் துன்புறுகிறாள், தங்கையர் அவளைக் காக்கின்றனர். நாடு கடந்து, பாலை கடந்து, இறுதியில் வானேறி, நாம் கார்த்திகை என்று வழங்கும் விண்மீன் கூட்டமாகின்றனர். ஓரியன் என்னும் விண்மீன் கூட்டத்திலே நின்று அவன் இன்னும் துரத்துகிறான்.

கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் எரியும் வெங்கதிர்களின் தொகுதி என்பது வானியல். அதிலே ஐயமில்லை, பெண்கள் மீனானதை நம்பச் சொல்லி எவரும் நம்மை வற்புறுத்தவும் இல்லை. ஆனால் சகோதரிகள் ஓடிய வழியெங்கும் அவர்கள் தங்கிய இடங்களைக் கதை பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையிலே நடந்து பாருங்கள்: சுனை இருக்கும், தண்ணீர் இருக்கும்! பாலையிலே ஒரு கதை மெய்யா பொய்யா என்பதற்குத் தண்ணீரே தேர்வு. தேறாத கதையைச் சொன்னவர் தாகத்தால் மாண்டிருப்பார். விருப்பமில்லாதவளைத் துரத்துபவன் யார், அவனிடமிருந்து ஒருத்தியை மற்றவர் எப்படிக் காக்கவேண்டும் என்பதையும் சிறுமிகளுக்கு அதே கதை கற்பிக்கிறது. கதையை வணங்கவேண்டியதில்லை, படிக்கவேண்டும். ஒரு கதை யாரைத் தாழ்த்துகிறது, யாருக்குத் தண்ணீர் காட்டுகிறது என்று கேட்பதே அறிவுடையோர் செயல்.

அந்தக் கதை சிதைகிறது, இளைஞர் கற்காமற் போகின்றனர் என்று கவலையுற்ற முதியோர், தாமே முன்வந்து அருங்காட்சியகத்தாரையும் அறிஞரையும் அழைத்தனர். பல ஆண்டுப் பணிக்குப்பின், 2017 செப்டம்பரில் கான்பெரா நகரின் தேசிய அருங்காட்சியகத்திலே ஏழு சகோதரிகள் காட்சி திறக்கப்பட்டது. எது காட்டப்படலாம், எது மறைக்கப்படவேண்டும் என்று முடிவு செய்தவர்கள் கதைக்குரியவர்களே.

கதை நீதிமன்றத்திலே மீண்டும் ஒருமுறை பேசிற்று. மேற்கே பெருமணற் பாலையின் மக்கள், 'நுரரா' என்னும் நிலத்துக்கு உரிமை கோரினர். ஆங்கிலத்திலே சான்று சொல்வது அவர்களுக்கு அரிது. எனவே 1997-இல் ஆண்களும் பெண்களுமாக ஏறத்தாழ நாற்பதுபேர் கூடி, பத்து மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் கொண்ட கித்தானிலே தம் நாடு முழுவதையும் தீட்டினர். நடுவர் மன்றத்தின்முன் அதை விரித்து, ஒவ்வொருவரும் தாம் தீட்டிய சுனையின்மீது ஏறி நின்று, தம் மொழியிலே, இது என் இடம், இது இன்னாரிடமிருந்து எனக்கு வந்தது என்று எடுத்துரைத்தனர். 2007-இல் 70,000-க்கும் மேற்பட்ட சதுர கிலோமீட்டர் நிலத்திலே அவர்கள் உரிமை ஏற்கப்பட்டது.

மூதாதையர் கதை என்றால் தொன்மை மட்டுமா? பாட்டி கண்டதும் மூதாதையர் கதையே! கிம்பர்லிப் பகுதியிலே, கேபரி நடந்த அதே வட்டாரத்திலே, கிஜாக் குடியில் பிறந்தவர் குயீனி மெக்கென்ஸி. தாய் தொல்குடிப் பெண், தந்தை வெள்ளையர். கலப்பில் பிறந்த குழந்தைகளைக் காவலர் கவர்ந்து செல்வர். அதனால் மகளின் உடலெல்லாம் கரியைப் பூசிக் கறுப்பாக்கி ஒளித்துவைத்துக் காத்தாள் தாய். ஒரு நாட்டின் சட்டம், தாயைத் தன் மகள்மீது கரி பூசவைத்தது! அந்த மகள் முதுமையிலே தூரிகை எடுத்தார். 1997-இல், மிஸ்டேக் கிரீக் என்ற ஓடையருகே 1915-இல் நடந்த படுகொலையைத் தீட்டினார். மாட்டைக் கொன்றனர் என்று பழி சுமத்தி மக்களைச் சுட்டனர். அந்த மாடு பின்னர் உயிரோடு திரும்பி வந்தது என்பது கிஜா மக்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. 2001-இல் தலைமை ஆளுநர் வில்லியம் டீன் அந்த இடத்துக்கே சென்று வருத்தம் தெரிவித்தார்.

அந்த ஓவியத்தை 2005-இல் தேசிய அருங்காட்சியகம் வாங்கிற்று. வாங்கியதோடு சரி! எழுத்துச் சான்று எங்கே, பாட்டி சொன்னது வரலாறாகுமா என்று வாதம் கிளம்பிற்று. ஓவியம் தொகுப்பிலே சேர்க்கப்படாமல் கிடந்தது. சேர்க்கப்பட்டது 2020-இல். பதினைந்து ஆண்டுகள்! மீண்டும் அதே கேள்விதான், கவனித்தீரா? 1788-இல் கேட்டது: தாள் எங்கே? 2005-இலும் கேட்டது: தாள் எங்கே? சுட்டவன் எழுதி வைப்பானா, தோழர்களே? சுடப்பட்டவன் எழுதத்தான் முடியுமா? பாட்டிக்கு நினைவிருந்தது; பேத்தி தீட்டினாள்.

பகைவர் ஏளனம் செய்த காலம் போய், வணிகர் பாராட்டும் காலம் வந்தது. பாராட்டிலும் பறிப்பு உண்டு! ஆர்னம் நிலத்தின் பண்டுக் மரிகா என்ற பெண் ஓவியர், முன்னே சொன்ன ஜாங்கவு மரபுக்குரிய புனித நீர்நிலையைத் தீட்டியிருந்தார். அதையும் வேறு பல தொல்குடி ஓவியங்களையும் கேளாமலே வியட்நாமில் கம்பளங்களாக நெய்து, ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து விற்றது ஒரு வணிக நிறுவனம். மூதாதையர் சின்னம், கால் துடைக்கும் கம்பளத்திலே! குடியினரோ, இதற்கு நீ இடம்கொடுத்தாயா என்று ஓவியரையே கேட்பர். கதையைக் காப்பது அவர் கடமையாயிற்றே! வழக்குத் தொடுத்தனர். 1994 டிசம்பரில் தீர்ப்பு. இழப்பீடு சுமார் 1,88,000 ஆஸ்திரேலிய டாலர். பொருளிழப்பை மட்டுமன்றி, பண்பாட்டு இழிவையும் கணக்கிலே கொண்ட தீர்ப்பு அது.

எனினும் போலி ஒழியவில்லை. தொல்குடிப் பாணியிலே விற்கும் நினைவுப்பொருள்களில் பாதிக்குமேல் தொல்குடியினர் செய்தவையல்ல என்று 2022-இல் அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் அறிவித்தது. எமிலி 1994-இல் தீட்டிய ஓர் ஓவியம், 2007-இல் பத்து இலட்சம் டாலருக்கு மேலும், 2017-இல் இருபத்தொரு இலட்சம் டாலருக்கும் கைமாறியது. மறுவிற்பனையிலே ஓவியர்க்கு நூற்றுக்கு 5 பங்கு தரவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2010-இல். படம் பளிங்கு மாளிகைக்குப் போகிறது; படம் பிறந்த ஊரிலோ வீட்டுவசதிக்கும் மருத்துவத்துக்கும் இன்னும் போராட்டம்!

2023 அக்டோபர் 14-ஆம் நாள், தொல்குடியினர்க்கு நாடாளுமன்றத்திடம் கருத்துரைக்கும் குரல் ஒன்றை அரசியலமைப்பிலே தரலாமா என்று ஆஸ்திரேலிய மக்களிடம் வாக்கெடுத்தனர். நூற்றுக்கு 60 பேர் வேண்டாம் என்றனர். ஓவியம் வேண்டும், ஓவியரின் குரல் வேண்டாம்! சுவருக்கு அழகு வேண்டும், சட்டத்திலே இடம் தர மனமில்லை!

ஆனால், குரல் மறுக்கப்பட்டது அம்மக்களுக்கு முதல் முறையன்று. புனிதம் இல்லை என்றனர். பெண்கள் சடங்கை ஆடிக் காட்டினர். உரிமை இல்லை என்றனர். சுனையைத் தீட்டி, அதன்மேல் நின்று காட்டினர். நடந்ததற்குச் சான்று இல்லை என்றனர். பாட்டி சொன்னதைப் பேத்தி படமாக்கினாள். ஒவ்வொரு முறையும் மணலை அழித்தவன் மாற்றான். மீண்டும் மணலைச் சமன்செய்து முதற்கோட்டை இட்டவள் பெண்.

இளைஞர்களே! அடுத்தமுறை அந்தப் புள்ளி ஓவியம் ஒன்றைக் காண நேர்ந்தால், அழகாயிருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். வட்டம் எது, வழி எது, வளைவின் பக்கத்திலே கோல் இருக்கிறதா என்று பாருங்கள். வரைந்தவள் பெயர் என்ன, அவள் நிலம் எது, அந்த நிலம் இன்று யார் கையில் என்று கேளுங்கள். பட்டயத்தைப் படிப்பவன் கேட்கவேண்டிய கேள்விகள் அவையே.